ஓடாத இயந்திரத்தில் பிழை இல்லை

இந்த ஊர் மெஸ்ஸில் எனக்கு இன்னும் சோறு வேண்டுமா என்று என்னிடம் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்பார்கள்: "பாண்டிக்கு இனியும் சோறு வேணோ?" பாண்டி நான்தான். தமிழன் என்றால் இங்கே அதுதான் பெயர். தென்காசியிலிருந்து நாலு மணி நேர பஸ், திருவனந்தபுரத்தையும் பரதேசம் என்று எழுத வந்துவிட்டானே என்று ஊரிலிருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். துபாயில் இருப்பவனுக்காவது புரியாத மொழியில் திட்டு விழுகிறது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்து தொலைக்கிறது.

ஆரியசாலையில் ஒரு அரிசி மண்டிக்கு மேலே அறை. வேலை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில். நாங்கள் எழுதும் நிரல் இன்டெல், ஆல்ஃபா, ஸ்பார்க் என்று மூன்று வகை இயந்திரத்திலும் ஓட வேண்டும். மற்ற இரண்டும் ஒரு எண்ணை வாலிலிருந்து எழுதி வைத்தால் ஸ்பார்க் தலையிலிருந்து எழுதும். அங்கே சமர்த்தாக ஓடுவது இங்கே குப்புற விழும். அதனால் தினமும் காலையில் புது நிரலை எடுத்து, மூன்றிலும் ஓடும்படி தானாகவே பில்ட் செய்து, சோதித்து, முடிவை மெயிலில் அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஆறு மாத ப்ரொபேஷன் முடிந்து வேலை உறுதியானால் மனைவி செல்வியையும் மகளையும் அழைத்துவரலாம். வீடுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

ஓணத்துக்கு ஆபீஸை மூடினார்கள். ஸ்பார்க் பழைய பெட்டி, கரண்ட் போய் வந்தால் யாராவது கை வைக்காமல் எழுந்திருக்காது. ஆளில்லாத நாளில் எதற்கு வம்பு என்று டீம் லீடர் சுகுமாரன் அதை என் ஸ்கிரிப்ட் சோதிக்கும் இயந்திரங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். லீவு முடிந்து திரும்பச் சேர்க்க மறந்தும்போனார். என் மெயில் தினமும் 'பிழை: பூஜ்யம்' என்றே வந்தது. பிழைகளை எண்ணச் சொல்லியிருந்தேனே தவிர, எத்தனை இயந்திரம் ஓடியது என்று எண்ணச் சொல்லவில்லை, மடையன். இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. வாடிக்கையாளர் தன்னுடைய ஸ்பார்க்கில் போட்டதும் எண்களெல்லாம் குப்பையாகக் கொட்டின.

மேனேஜர் அறையில், என்னை வைத்துக்கொண்டே, சுகுமாரன் மலையாளத்தில் சொன்னார்: பட்டியலைப் பார்த்துக்கொள்வது பாண்டியின் பொறுப்பு, ப்ரொபேஷன் ஆள்தானே, அனுப்பிவிடலாம் என்று. அந்த ஆபீஸில் அதுவரை நான் இங்கிலீஷ் மட்டுமே பேசியிருந்தேன். மலையாளம் தெரியும் என்று காட்டினால் என் முன்னால் பேசுவதை நிறுத்திவிடுவார்கள் என்ற கள்ளப் புத்தி. அன்றைக்கு அதை மூட்டை கட்டி வைத்தேன். பட்டியலை எந்த நாள், எந்த லாகினில் மாற்றினார்கள் என்ற பதிவை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அதை மேஜையில் போட்டேன்.

"ஓடாத்த மெஷீனில் எங்ஙனெ எரர் வரும்? லிஸ்டில்நின்னு வெட்டியது தானல்லே?"

ஓடாத இயந்திரத்தில் எப்படிப் பிழை வரும், வெட்டியது நீதானே என்று, மேலதிகாரியை 'தான்' போட்டு, அதாவது ஒருமையில் கேட்டுவிட்டேன். சுகுமாரனின் முகம் செத்துப்போனது. மேனேஜர் தாளை இரண்டு முறை படித்தார். எண்ணாமல் விட்டது என் தப்பு என்பதையும் சொன்னேன். மறு வாரம் வேலை உறுதியான கடிதம் வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஆளை இன்றுவரை எனக்குப் பிடிக்காது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து செல்விக்குச் சொன்னேன். வேலை கிடைத்ததைவிடச் சண்டையைக் கேட்பதில்தான் அவளுக்கு ஆசை. அவனிடம் என்ன சொன்னீங்க என்றாள். சொன்னபடியே சொன்னேன். புரியவில்லை, தமிழில் சொல்லுங்க என்றாள். "நீங்கதான சார் எடுத்தீங்க" என்றுதான் வாயில் வந்தது. இதுக்கா அவன் பயந்தான் என்று சிரித்தாள். வேறு மாதிரி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அந்தக் கோபம் தமிழில் வரவே இல்லை.

பிள்ளையை அங்கே எதில் சேர்க்கப் போறிய என்று கேட்டாள். ஆரியசாலைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் சேர்க்கலாம் என்று நான்தான் முன்பு சொல்லியிருந்தேன்.

"மலையாளத்துலயே சேப்போம்," என்றேன். "இந்த ஊர்ல அவளுக்குச் சண்டை போடத் தெரியணும்."

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ எங்கிட்ட அவ எதுல சண்டை போடுவா?" என்றாள்.