மைனஸ் ஆறு காட்டுன ஆக்சிலேட்டர்

பேய், காத்து கருப்புன்னு யாராவது ஆரம்பிச்சா டீ க்ளாஸ எடுத்துக்கினு வெளிய போயிடற ஆளு நான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வோல்ட்டு. மீட்டர் வச்சா நம்பர் வரும், வரலன்னா எங்கயோ வயர் அறுந்திருக்கும், அவ்ளோதான் எங்க உலகம். அதனால இத நீங்க நம்பித்தான் ஆவணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல. அதுவும் எல்லாருக்கும் இந்த மாதிரி சமாச்சாரம் அமாவாச ராத்திரியில நடக்குது, எனக்கு மட்டும் பட்டப்பகல் பதினோரு மணிக்கு, வில்லியனூர்ல என் மெக்கானிக் ஷெட்டுக்குள்ள, வெளிய டவுன் பஸ் ஆரன் அடிச்சிக்கினு போறப்ப நடந்துச்சு.

கலியமூர்த்தின்னு ஒருத்தர், கரையாம்புத்தூர்ல கரும்பு போடறவரு, நாப்பது வயசு இருக்கும். கரும்பு ஏத்துன ட்ரெய்லர் சக்கரம் ஏறி, வலது கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. அதுல இருந்து சொந்த நிலத்த பாக்கணும்னாக்கூட மச்சான் எப்ப வருவான்னு உக்காந்துக்கினு இருக்கணும். "நானே ஓட்டிக்கினு என் கரும்புக் கொல்லைக்குப் போவணும்ணா, வேற ஒண்ணும் வேணாம்." இதான் அவர் என்கிட்ட கேட்டது.

அவருகிட்ட கியர் போடாத பழைய பெட்ரோல் கார் ஒண்ணு இருந்துச்சு. பிரேக்குக்கு இடது கால் போதும், ஆக்சிலேட்டர கைக்குக் கொண்டாரணும். பழைய கேபிளக் கழட்டிட்டு, மோட்டார் வச்சு தானா தொறக்கற த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காத்து வுடற மூடி, போட்டேன், அத ஆட்டி வைக்க வெளிய கிடைக்கற தனி கம்ப்யூட்டர் ஒண்ணு மாட்டினேன். இதுல பெடல் எதையும் இழுக்காது, எவ்ளோ அமுக்குனன்னு சிக்னல் மட்டும் அனுப்பும். அதனால ஸ்டியரிங் பக்கத்துல ஒரு கைப்பிடி வச்சாலும் அதே வேல நடக்கும். அவரு பொண்டாட்டி செல்வியும் அப்பப்ப ஓட்டணும்னதால கால் பெடலயும் விட்டு வச்சேன். ரெண்டுல எத ஜாஸ்தி அமுக்குறாங்களோ அத கம்ப்யூட்டர் கேக்கும்.

வயரிங் ரெண்டு நாள். மூணாவது நாள் காலிப்ரேஷன். பெரிய வித்த ஒண்ணும் இல்ல, இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் போட்டு, கால் வைக்காத பெடல் இது, இதான் பூஜ்ஜியம், தரையோட அமுக்குன பெடல் இது, இதான் நூறுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்கணும். பூஜ்ஜியம் எடுக்கும்போது பெடல் மேல கால் இருக்கக் கூடாது, அது ஒண்ணுதான் சட்டம். கைப்பிடி உயரம் பாக்கறதுக்காக அவர டிரைவர் சீட்டுல உக்கார வச்சிட்டு, நான் பக்கத்து சீட்டுல லேப்டாப்போட இருந்தேன். அதுல வைக்கறதுக்குத்தான் வலது காலே இல்லையே, குனிஞ்சு இன்னாத்த பாக்கறதுன்னு பூஜ்ஜியத்த எடுத்துட்டேன். அப்புறம் கையால பெடல தரையோட அமுக்கி நூறும் எடுத்தாச்சு.

செல்வி டீ வாங்கியாந்துச்சு. அவரு கக்கத்துக் கட்டைய ஊனிக்கினு எறங்குனாரு. எறங்குன உடனே ஸ்க்ரீன்ல பூஜ்ஜியம் போயி மைனஸ் ஆறு காட்டுது.

மைனஸ்னா இன்னா அர்த்தம்னா, நான் பூஜ்ஜியம்னு சொன்ன எடத்த விட பெடல் மேல வந்துடுச்சு. பூஜ்ஜியம் எடுத்தப்ப அது மேல எதோ பாரம் இருந்திருக்கு, இப்ப எறங்கிடுச்சு. எர்த்து வயர் லூசா இருக்கோன்னுதான் மொதல்ல சந்தேகப்பட்டேன். ஆனா பெடலுக்குள்ள ரெண்டு சென்சார் இருக்கும், ரெண்டாவது எப்பவும் மொதல் சென்சார்ல பாதி காட்டும், பாதுகாப்புக்காக. இங்க ரெண்டும் சேந்து எறங்கியிருக்கு, கரெக்டா பாதிக்குப் பாதி. எர்த்து லூசா இருந்தா கன்னாபின்னான்னு ஆடும், கணக்கு பாத்து ஆடாது. செல்விய உக்கார வச்சேன், மைனஸ் ஆறு. நான் உக்காந்தேன், மைனஸ் ஆறு. அவரு ஏறி உக்காந்தாரு, பூஜ்ஜியம்.

டார்ச் அடிச்சு குனிஞ்சு பாத்தேன். பெடல் ஒரு நெல்லு கனத்துக்கு கீழ எறங்கி நிக்குது. மேல ஒண்ணும் இல்ல. எதாவது தட்டுதான்னு பாக்க பெடலுக்கு மேல சும்மா கைய வுட்டுத் துழாவுனேன்.

"கூசுதுணா"ன்னாரு.

நான் கைய எடுத்துட்டேன். அவரு என்ன பாக்காமலே சொன்னாரு, "எடுத்ததுல இருந்து அந்தக் கால் எனக்கு இருக்கற மாதிரியேதான் இருக்கு. அரிக்கும், வலிக்கும். நரம்பு அப்படித்தான் ஏமாத்தும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

எனக்கு எப்படி வாய் வந்துச்சுன்னு தெரியல, "அமுக்குபா பாப்போம்"னேன். இருபத்திரெண்டு. நாப்பத்தொண்ணு. அறுவது. பெடல் தன்னால எறங்குது. அவரு நேரா ரோட்ட பாக்கறவரு மாதிரி கண்ணாடி வழியா பாத்துக்கினு சிரிச்சாரு. செல்வி டீ க்ளாஸோட அப்படியே நின்னுடுச்சு. "கைப்பிடி வேணாம்ணா, கழட்டிடு. என் காலே போதும்"னாரு.

உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அத விட எனக்கு வண்டி பயம். "நீ பிரேக் புடிக்கும்போது அந்தக் கால் சும்மா இருக்குமா?"ன்னு கேட்டேன். செல்விதான் பதில் சொல்லுச்சு. "எங்க சும்மா இருக்கும்? தூங்கிக்கினே இருப்பாரு, திடீர்னு கால் இழுக்குது இழுக்குதுன்னு கத்துவாரு. ரோட்டுல அப்படி இழுத்தா இன்னா ஆவறது? பெடல எடுத்துடுங்கணா, நானும் கையாலயே ஓட்டிக்கறேன்."

அவரு ஸ்டியரிங் பக்கத்துல இருந்த கைப்பிடிய ஒரு வாட்டி புடிச்சுப் பாத்தாரு. அப்புறம் "புடுங்கிடுணா"ன்னாரு. "நெஜமாத்தானா?"ன்னேன். தலைய ஆட்டுனாரு.

பெடல் சாக்கெட்ட கழட்டறது ஒரு நிமிஷ வேல கூட இல்ல, லாக்க அமுக்கி இழுத்தா வந்துடும். இழுத்தேன். "போயிடுச்சு"ன்னாரு.

"இன்னாது?"

"கால்."

அரிப்பு இல்ல, வலி இல்ல, முட்டிக்குக் கீழ வெறும் காத்துதான் இருக்குன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஒரே ஒரு வாட்டி மாட்டுணா"ன்னாரு. மாட்டுனேன். அவரு சீட்டுலதான் உக்காந்திருக்காரு, ஆனா மைனஸ் ஆறு. "அமுக்கறேன் பாரு, அமுக்கறேன் பாரு"ன்னு தொடைய புடிச்சுக்கினு வேர்த்து ஊத்துனாரு. நம்பர் அசையல. அப்புறம் அழுதாரு. "டாக்டர் எடுத்தப்பகூட மயக்க மருந்து குடுத்துட்டு எடுத்தாங்கணா"ன்னாரு.

கைப்பிடி நல்லா செட் ஆயிடுச்சு. இப்ப அவரே ஓட்டிக்கினு கொல்லைக்குப் போறாரு, போன மாசம் ஆயில் மாத்த தனியா வந்தாரு. ராத்திரி நல்லா தூக்கம் வருதாம்.

ஆனா அன்னிக்கி லேப்டாப்புல ரெக்கார்டிங் ஓடிக்கினே இருந்திருக்கு, அத நான் கவனிக்கல. ரெண்டு நாள் கழிச்சு தொறந்து பாத்தேன். அறுவது வரைக்கும் ஏறி எறங்குனதுக்கு அப்புறம், "நெஜமாத்தானா?"ன்னு நான் கேக்கற வரைக்கும் ரெண்டு சென்சார் கோடும் நேரா போவுது. அவரு தலைய ஆட்டுனதுல இருந்து நான் சாக்கெட்ட இழுக்கற வரைக்கும் ரெண்டும் நடுங்குது. மூணு, அஞ்சு, ரெண்டு, ஆறுன்னு, பாதிக்குப் பாதி கணக்கு தப்பாம. அவரு சரின்னுதான் சொன்னாரு. கால் பயந்திருக்கு. அந்த ஃபைல அவருக்கு நான் இன்னும் காட்டல.