ஜபருல்லா கொடுத்த ரத்தம்

ஜபருல்லாவுக்கு அசதி நோயல்ல, குணம். பினாங்குத் துறைமுகத்தில் சரக்குப் படகிலிருந்து மூட்டை இறக்குகிறவர். விடிந்தால் மூட்டை, பொழுது சாய்ந்தால் பாய். சிரிக்கவேண்டிய இடத்தில்கூடக் கொட்டாவி விடுவார் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். நாற்பதை நெருங்கும்போதுதான் நிக்காஹ் நடந்தது. மஹ்பூபா வந்த பிறகு ஒரே ஒரு மாற்றம்: வேலை முடிந்ததும் எங்கும் உட்காராமல் நேரே வீட்டுக்கு நடப்பார். அந்த நடையில் மட்டும் அசதி இருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் மஹ்பூபாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பிள்ளை நலம். தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. உடனே யாராவது ரத்தம் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். ஜபருல்லாவின் மாமியார் நூர்ஜான் முதல் ஆளாகக் கையை நீட்டினாள். அவள் விரலில் குத்திப் பார்த்த ஆஸ்பத்திரி உதவியாளர், டிரெசர் முனுசாமி உதட்டைப் பிதுக்கினார்.

"சேராதும்மா."

"பெத்தவ ரத்தம் சேராதா? என்னா பேச்சு லா இது!"

காலையிலிருந்து நின்றே கால் கடுத்துப்போன முனுசாமி அலுப்போடு சொன்னார். "ரத்தத்துல நாலு வகைம்மா. ஆளுக்கு ரெண்டு பங்கு, தாய் குடுத்தது ஒண்ணு, தகப்பன் குடுத்தது ஒண்ணு. ஒங்ககிட்ட ஒண்ணு வெளிய தெரியுது, இன்னொண்ணு உள்ள அடங்கிக் கெடக்கு. அந்த அடங்குனதுதான் மகளுக்குப் போயிருக்கு. அவங்க வாப்பாகிட்டேருந்தும் அதே மாதிரி ஒண்ணு வந்திருக்கு. அதான் நீங்க ஒரு வகை, அவங்க ஒரு வகை."

வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல காலம். கூடப்பிறந்தவர்களும் இல்லை. மிச்சமிருந்தது ஜபருல்லாவின் விரல்தான். குத்திப் பார்த்தார்கள். அதே வகை, சேர்ந்தது.

நூர்ஜானின் முகம் இருண்டது. "மருமவனே, ஒரு தாய்கிட்ட பால் குடிச்ச பிள்ளைங்களே அண்ணன் தங்கச்சி ஆயிடுது, நிக்காஹ் கூடாது. இது ரத்தமாச்சே! குடுத்துட்டா அவ ஒங்களுக்கு என்னா மொறை ஆவா?"

கேட்ட நேரத்தைப் பாருங்கள்! ஆனாலும் அவளைக் குறை சொல்ல முடியாது, பயம் அப்படிக் கேட்க வைத்தது. மார்க்கம் படித்து, பதில் சொல்லக்கூடிய பள்ளிவாசல் லெப்பையோ ஒரு கல்யாணத்துக்காக அக்கரையில் தாசேக் கெலுகோர் போயிருந்தார். கட்டிலில் மஹ்பூபாவின் உதடு வெளுத்துக் கிடந்தது.

"சீக்கிரம் சொல்லுங்க அண்ணே," என்றார் முனுசாமி.

ஜபருல்லா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படுத்தார். ரத்தம் புட்டியில் இறங்க இறங்க, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மனசுக்குள் மனைவியிடம் விடைபெற்றுக்கொண்டார்.

மஹ்பூபா பிழைத்தாள். அவர் தினமும் வந்தார். சாப்பாட்டைக் கொண்டுவந்து மாமியாரிடம் கொடுத்துவிட்டு வார்டு வாசலிலேயே நிற்பார். பிள்ளையை வாங்கிக் கொஞ்சுவார். கட்டில் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். ராத்திரி துறைமுகக் கூலியாட்களோடு போய்ப் படுத்துக்கொண்டார். சீக்கு வந்ததால் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று மஹ்பூபா ஓயாமல் அழுதாள். அழுகையைப் பார்க்கச் சகிக்காமல், லெப்பை ஊர் திரும்பியதும் நூர்ஜானே போய் எல்லாவற்றையும் சொல்லி அவரைக் கையோடு அழைத்து வந்தாள்.

வார்டு வாசலில் நின்ற ஜபருல்லாவின் தோளில் லெப்பை கை வைத்தார். "பால் மொறைங்கறது கைப்பிள்ளையில குடிக்கிற பாலுக்குத்தான். ரத்தத்துக்கு அது கெடையாது. அவ உங்க பொஞ்சாதிதான். உள்ள போங்க."

ஜபருல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் சுமந்த மூட்டையெல்லாம் சேர்ந்து அழுத்தியும் வராத அழுகை வந்தது. லெப்பைக்கு மனசு கேட்கவில்லை, குனிந்து கேட்டார். "பொஞ்சாதி கையை விட்டுப் போயிடுவான்னு நெனச்சுக்கிட்டா குடுத்தீங்க?"

"மவுத்தான பொஞ்சாதியவிட, உசுரோட ஒரு தங்கச்சி இருந்தாப் போதும்னு நெனச்சேன் லெப்பை."