விறகுக்குள் வைத்த பெட்டி

நான்கு தீபாவளிக்கு முன்னால் நடந்தது இது. எங்கள் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், புலிகள் காப்பகத்துக்குள், பதினோரு வீடுகள் மட்டுமே உள்ள ஒரு மலைக்கிராமத்தில் நடந்தது. அந்த ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் அங்கே மிச்சம் இருப்பவர்களுக்குச் சங்கடம். என் ஊரைச் சொல்கிறேன், சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம். பதினெட்டு வயதிலிருந்து வெடிக் கம்பெனியில்தான் வேலை.

எனக்கும் மலைக்கும் எப்படிப் பழக்கம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு கம்பெனியில் வெடிமருந்து உரசித் தீப்பிடித்ததில் என் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயின. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவதற்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் அந்த மலைக்கிராமத்துக்காரி ஒருத்தி இருந்தாள். மலையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது கரடி அறைந்து, ஒரு கண்ணும் கன்னத்துச் சதையும் போய்விட்டன. எங்கள் இருவரையும் பார்த்து "நல்ல ஜோடி" என்று நர்ஸம்மா கேலி செய்வார்.

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அவரும் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. மற்ற நாளெல்லாம் எனக்குச் சோறு ஊட்டியது அவள்தான். சோறு மட்டுமா? இரண்டு கையிலும் கட்டுப்போட்டுக் கிடக்கிற ஒரு பொம்பளைக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி உண்டு, எட்டிப் பார்த்ததோடு சரி.

கிழங்கு தோண்ட எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்களாம். ஒருவர் குழிக்குள் தலையை விட்டுத் தோண்டுவார், இன்னொருவர் நின்று கேட்பார். கேட்பது மட்டும்தான் அவருக்கு வேலை. அன்று அவள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று தனியாகப் போயிருக்கிறாள். "கண்ணு ஒண்ணு போனா என்னக்கா, காது ரெண்டும் நல்லாத்தான இருக்கு. மலைக்கு அது போதும்" என்பாள். மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பேச்சுவாக்கில், "தீபாவளிக்கு உங்க ஊர்ல என்ன வெடி போடுவீக?" என்று கேட்டேன். "நாங்க வெடியே போட மாட்டோம்கா" என்றாள். எனக்கு ஐயோ என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கம் தீபாவளியன்று ஒரு வீட்டில் வெடிச் சத்தம் இல்லையென்றால், ஒன்று அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கும், இல்லையென்றால் கஞ்சிக்கே வழி இருக்காது. "கை சரியானதும் நானே கொண்டாந்து தர்றேன் தாயி" என்று வாக்குக் கொடுத்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

கை ஓரளவு சரியானது. வலது கையில் இரண்டு விரலும் இடது கையில் ஒன்றும் மட்டும் மடங்காது. திரும்பக் கம்பெனிக்குப் போனேன், வேறெங்கே போக? இரண்டு வருடம் கழித்து, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கம்பெனியில் கொடுத்த கிப்ட் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம், பிஜிலி வெடி. எங்கள் ஊர்க்காரர்கள் தீபாவளி நேரத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் கையில் இந்தப் பெட்டி இருக்கும்.

பஸ் நிற்கிற இடத்திலேயே வனத்துறை செக்போஸ்ட். பெயர் எழுதிக்கொண்டார்கள். தீப்பெட்டி, பிளாஸ்டிக், வெடி எதுவும் உள்ளே போகக் கூடாது என்று போர்டிலேயே போட்டிருந்தது. நான் படிக்கத் தெரியாதவள் இல்லை. பெட்டியை அரிசிப் பைக்குள் இறக்கி, மேலே முறுக்கு டப்பாவை வைத்தேன். "பையில என்னம்மா?" என்றார் வாட்சர். "பலகாரம் சார்" என்றேன். என் கையைப் பார்த்துவிட்டுப் பையைக் கிளறாமல் விட்டுவிட்டார்.

இரண்டு மணி நேரம் நடை. பாதி வழியில் அவள் வீட்டுக்காரர் எதிரே வந்து பையை வாங்கிக்கொண்டார். ஊருக்குள் நுழைந்ததும் எனக்குத் தெரிந்த முதல் விஷயம், அங்கே யாரும் கத்துவதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் போய்த்தான் கூப்பிடுகிறார்கள். நானோ பஸ்ஸில் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரம், வாசலில் உட்கார்ந்து நான் என் கதையை அளந்துகொண்டிருந்தபோது அவள் வீட்டுக்காரர் லேசாகக் கையை உயர்த்தினார். எல்லோரும் அப்படியே உறைந்துவிட்டார்கள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள், "போயிருச்சு" என்றாள்.

"என்னது?"

"ஆனைக்கா. மூணு. அதுல ஒண்ணு குட்டி."

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமையாகப் பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவளுக்கு முகம் செத்துப்போனது.

"இத எதுக்குக்கா கொண்டாந்தீக? இங்கன ஆகாது. இந்தச் சத்தம் கேட்டா ரெண்டு நாளைக்கு எங்களுக்கு எதுவுமே காதுல விழாது. மிருகமும் மிரண்டு போயித் தாறுமாறாத் திரியும்."

அவள் வீட்டுக்காரரும், "கோவிச்சுக்கிறாதீகம்மா. காலையில போகும்போது கொண்டு போயிருங்க" என்றார்.

எங்கள் பக்கம் எதைக் கொடுத்தாலும் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்குவார்கள். முதல் தடவையே கை நீட்டினால் பறக்காவெட்டி என்று பேசுவார்கள். இவர்களும் அப்படித்தான் மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். காலையில் கிளம்பும்போது யாரும் பார்க்காத நேரத்தில் பெட்டியை அவர்கள் வீட்டு விறகு அடுக்குக்குள் செருகிவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும். மரியாதை பாதி, பயம் பாதி. திரும்பிப் போகும்போது செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்த்தால் மாட்டிக்கொள்வேனே என்ற பயம். என் தலையிலிருந்து இறக்கி அவர்கள் தலையில் வைத்துவிட்டு, ஏதோ தர்மம் செய்தவள் மாதிரி இறங்கி வந்தேன்.

தீபாவளி முடிந்து நான்காம் நாள் மத்தியானம் அவள் என் வீட்டு வாசலில் நின்றாள். முகவரி தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி, "கை வெந்த அக்கா வீடு எது?" என்று கேட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் ஒரு வீட்டையா காட்டுவார்கள்? நாலு வீடு ஏறி இறங்கி, நாலு பேர் கையைப் பார்த்துவிட்டு, ஐந்தாவதாக என் வீட்டுக்கு வந்திருந்தாள்.

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். ஓடைப் பக்கம் அந்தக் குட்டி யானை வாய் கிழிந்து நின்றிருக்கிறது. பன்றிக்காக யாரோ பழத்துக்குள் வெடி வைத்ததை அது கடித்துவிட்டது. "மூணு நாளு தண்ணிக்குள்ளயே நின்னுச்சுக்கா. தண்ணி இருக்கு, குடிக்க முடியல. தாய் ஆனை பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. பெறகு விழுந்துருச்சு."

வனத்துறை ஒவ்வொரு வீடாகச் சோதனை போட்டதில் இவர்கள் வீட்டில் என் பெட்டி கிடைத்திருக்கிறது. அவள் வீட்டுக்காரர் விறகு எடுக்கும்போதே அதைப் பார்த்திருக்கிறார். ஓடையில் வீசியிருக்கலாம், மண்ணில் புதைத்திருக்கலாம். அடுத்தவர் பொருள், கீழே போகும்போது கொடுத்துவிடலாம் என்று நனையாமல் இலையில் சுற்றித் தேன் டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம்.

"ஏன் என் பேரச் சொல்லல?"

"விருந்தாளியக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுட்டாருக்கா."

தினமும் காலையில் அடிவாரத்து ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கேஸ் இன்னும் எழுதவில்லை. எழுதிவிட்டால் காட்டுக்குள் தேன் எடுக்கிற பாஸ் போய்விடும், அப்புறம் மலையில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தப் பெட்டியில இருந்த வெடிக்கு ஆனை வாய் கிழியுமா? நீங்க செய்யிறவக, உங்களுக்குத்தான் தெரியும்."

"கிழியாது தாயி. அது எல்லாம் பிள்ளைக கொளுத்துற வெடி."

"அத ஆபீஸ்ல வந்து சொல்லுவீகளா? நான்தான் கொண்டாந்தேன்னு சொல்லுவீகளா?"

"நாளைக்கே வர்றேன்" என்றேன். அவளும் நம்பிப் போனாள்.

நான் மறுநாள் போகவில்லை. போகக் கூடாது என்று என் வீட்டுக்காரர் ஒரே பிடியாகப் பிடித்துவிட்டார். "பெட்டியில கம்பெனி பேரு இருக்கு. அவுக உன்னிய வேலைக்கு வப்பாகளா? செக்போஸ்ட்ல பொய் சொல்லி உள்ள கொண்டு போனது நீ. உன்னியத்தான் தூக்கி உள்ள வப்பாக." மகளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். அவர் மேல் மட்டும் பழியைப் போட்டால் நான் மனுஷி இல்லை. எனக்கும் பயம்தான். நாளைக்கு, நாளைக்கு என்றே எட்டு நாள் ஓட்டிவிட்டேன். அந்த எட்டு நாளும் என்னால் சோற்றைப் பிசைய முடியவில்லை. பிசைந்தால் அவள் ஊட்டியது ஞாபகம் வந்துவிடும்.

ஒன்பதாம் நாள் வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினேன். ஆபீசில் ரேஞ்சர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மேஜைக்கு அடியிலிருந்து என் பெட்டியை எடுத்துக் காட்டினார். ஒட்டியிருந்த டேப்கூடப் பிரியவில்லை.

"இதுல ஒரு வெடிகூடக் குறையலங்கிறது எங்களுக்கும் தெரியும்மா. ஆனா காட்டுக்குள்ள வெடி வச்சிருந்ததே குத்தம். அதுவும் ஆனை செத்த நேரம். நீங்க மொத நாளே வந்திருந்தா ரெண்டு பேரையும் எச்சரிச்சு எழுதி வாங்கிட்டு விட்டிருப்பேன். முந்தா நாள்தான் கேஸ் எழுதி, ஆளக் கோர்ட்டுல ஒப்படைச்சோம். இனிமே என் கையில எதுவும் இல்ல."

முந்தா நாள். நான் ஆறாம் நாள் கிளம்பியிருந்தால்கூடப் போதும். என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு என்னை இரண்டாம் ஆளாகச் சேர்த்தார்கள். எனக்கு உடனே ஜாமீன் கிடைத்தது. அவள் வீட்டுக்காரர் மூன்று வாரம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வந்தார். கேஸ் முடியும் வரை காப்பகத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று நிபந்தனை. கேஸ் இன்னும் முடியவில்லை. குட்டி யானைக்கு வெடி வைத்தவன் யார் என்று இன்று வரை தெரியவும் இல்லை.

மலைக்குப் போக முடியாதவர் எங்கே போவார்? நான்தான் நாரணாபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் வீடு பார்த்துக் கொடுத்தேன். போர்மேன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவருக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தேன். முதலில் பேப்பர் லோடு இறக்கினார். இப்போது மருந்து ரூமில் இருக்கிறார். சாயங்காலம் வரும்போது கை கால் முகமெல்லாம் அலுமினியப் பவுடர் அப்பியிருக்கும். ஒரு வெடிப்பெட்டியை வீட்டுக்குள் வைக்க யோசித்த மனிதர். நான் செய்த பரிகாரம் இதுதான். அவளும் வீட்டிலிருந்தே வெடிக் குழாய் உருட்டுகிறாள். நான் பயந்தபடியே மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்தது. ஆறே மாதத்தில் வேறு நல்ல இடம் அமைந்து மகளும் நன்றாக இருக்கிறாள். இதற்காகத்தான் எட்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

வாய்தாவுக்கு மூவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். ஒருநாள் திரும்பி வரும்போது, "ஏன் தாயி, ஒரு வார்த்தைகூட என்னைய ஏச மாட்டேங்கிற?" என்று கேட்டுவிட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏசி என்னக்கா செய்ய? அவரக் கோர்ட்டுக்குக் கொண்டு போற வரைக்கும் தினமும் ஆபீஸ் வாசல்ல உக்காந்து வர்ற பஸ்ஸயெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸுலயும் நீங்க இறங்குவீகன்னு நெனச்சேன்." அதற்கு அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

தீபாவளி வந்தால் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவள் கதவைச் சாத்தி, மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கண் போனபோதுகூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. "ஒண்ணுமே காதுல விழலக்கா, ஒண்ணுமே தெரியல" என்று மட்டும் சொல்லுவாள். அன்றைக்கு என் வீட்டில் யார் கூப்பிட்டாலும் நான் போகமாட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்திக்கொள்வேன்.

மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு எவ்வளவு இறுக்கிப் பொத்தினாலும் இடுக்கு வழியாகச் சத்தம் அவளுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது, போக வேண்டிய அன்றைக்குப் போகாத எனக்கு இனி ஒவ்வொரு தீபாவளியும் இப்படித்தான்.