போன் வீட்டு மாமி

மாமி வீட்டுக் கறுப்பு டெலிபோனுக்கு ஒரு பூட்டு உண்டு. எண்களைச் சுழற்றும் வட்டத்தில் குட்டிப் பூட்டொன்றை மாட்டி, அதன் சாவியைத் தாலிச் சரட்டில் ஊக்கோடு கோத்து வைத்திருப்பார். ஆபீஸிலிருந்து வந்து யாருக்காவது போன் செய்யவேண்டும் என்றால் அவர் கணவரே மாமியிடம் வந்து நின்று கேட்கவேண்டும். "நாம பேசறதுக்குத்தான் பூட்டு. வரதுக்கு ஏது பூட்டு?" என்பார் மாமி. வருவதற்குக் கணக்கே இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மந்தைவெளியில் எங்கள் சந்து முழுவதற்கும் அந்த ஒரு போன்தான். எல்லோரும் மாமியின் எண்ணையே தங்கள் எண்ணாக ஊரெல்லாம் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று எழுதிவிடுவார்கள். அக்கம்பக்கத்து போன், கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று அர்த்தம்.

கூப்பிட்டுச் சொல்லும் வேலை என்னுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விட்டதும் பையை வீட்டில் வீசிவிட்டு மாமி வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். மணி அடித்து மாமி பேசிவிட்டு ஆளைச் சொன்னால் போதும், ஓட்டம்தான். அந்தச் சந்தில் என்னைவிட முக்கியமான ஆள் யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன். போனை எடுத்தால் என்ன பேசவேண்டும் என்பதும் எனக்கு மனப்பாடம்: "இது பி.பி. நம்பர்ங்க. விஷயத்தைச் சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிடறேன்." ஆனால் மாமி என்னை எடுக்கவிட்டதில்லை, அந்த ஒரு நாள் வரும்வரை.

அன்று மாமி எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். மணி விடாமல் அடித்தது. "தலையில சீயக்காய்டீ, நீயே எடுத்துப் பேசு" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. எடுத்தேன். மனப்பாடத்தை ஒப்பித்தேன். மறுமுனையில் இருந்தவர் என்னை போன் வீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டார். அப்பா வேலைபார்த்த தியாகராய நகர் புடவைக்கடையின் கணக்குப்பிள்ளை அவர். திருநெல்வேலிக்காரர், எங்கள் ஊர்ப்பக்கம். "மூணாவது வீட்டம்மாகிட்ட சொல்லிரும்மா. கொள்முதலுக்குப் போனாகள்லா அவுக வீட்டுக்காரரு, சேலம் பஸ் ஸ்டாண்டுல வச்சு தவறிட்டாரு."

தவறிட்டாரு என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். அப்பா பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் பஸ் ஏறுகிறவர் அவர். அம்மா அதைச் சொல்லித் திட்டாத நாள் கிடையாது. இன்றைக்கு அப்பா நன்றாக மாட்டிக்கொண்டார் என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே ஓடினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "அம்மா, அப்பா சேலம் பஸ் ஸ்டாண்டுல தவறிட்டாராம்" என்று கைதட்டிச் சொன்னேன்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அம்மா போட்ட அலறலில்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும், மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்ததும் பிறகு வந்தவர்கள் பேசிக் காதில் விழுந்தவை. ஈரத்தலையோடு ஓடிவந்த மாமிதான் அம்மாவைத் தாங்கிப் பிடித்தார்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. பேசுவேன், படிப்பேன், பாடம் ஒப்பிப்பேன். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்ல வாய் வராது. பக்கத்து வகுப்பில் சாக்பீஸ் வாங்கிவரச் சொல்லி டீச்சர் அனுப்பினால் அந்த வகுப்பு வாசலில் அப்படியே நின்றிருப்பேன். டீச்சர் திமிர் என்று நினைத்தார். மாமி வீட்டு மணி காதில் விழாமல் இருக்கக் கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். நான் சிரித்துக்கொண்டு சொன்னதால்தான் அப்பா செத்துப்போனார் என்று எனக்குள் ஓர் எண்ணம் உட்கார்ந்துவிட்டது. இன்று எழுதும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அன்று அது சூரியன் கிழக்கே உதிப்பதுபோல அத்தனை நிச்சயம்.

சில மாதங்கள் கழித்து மாமி என்னை வழிமறித்துக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனார். முழங்கால் வலிக்காரர், தரையில் உட்காரவே மாட்டார். அன்று என் எதிரே சிரமப்பட்டு உட்கார்ந்தார்.

"ஈரத்தோட நான்தான்டீ ஓடி வந்திருக்கணும். சோம்பேறித்தனமா உன்னை எடுக்கச் சொன்னேன். தப்பு என்னுது. என்னை மன்னிச்சுடு."

பெரியவர்கள் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் அதிகம் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. "நான் சொன்னதுனாலதானே மாமி?" என்று கேட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லாதது அது. மாமி ஐயோ என்றோ பாவம் என்றோ சொல்லவில்லை.

"போன் என்னிக்குமே எல்லாம் நடந்தப்புறந்தான்டீ அடிக்கும். முன்னாடி அடிச்ச போன் ஒண்ணு காட்டு பார்ப்போம். நீ ஓடறதுக்கு முன்னாடியே அது ஆயாச்சு."

இதை நான் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்தேன். எங்கும் ஓட்டை இல்லை. மாமியின் அந்தத் தர்க்கம்தான் என்னைக் கரைசேர்த்தது என்று இப்போதும் நினைக்கிறேன். ஒரேயடியாக அல்ல. மறுபடி அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். மணி அடித்தால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் மாமி போனை எடுப்பார். ஓடச் சொல்லவே இல்லை. தானே முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

அடுத்த வருடம் ஒரு நாள் போனை வைத்துவிட்டு, "வா, துணைக்கு வா" என்று என்னையும் தெருமுனை இஸ்திரி வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியிலேயே சேதியை என் காதில் சொல்லிவிட்டார். வண்டி முன்னால் நின்று, "இவ உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டு மரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் மாமியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா பாப்பா, இன்னா விஷயம்? பயப்படாம சொல்லு" என்றார் இஸ்திரிக்காரர், பெட்டியைத் தேய்த்தபடி. சேதியின் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். எதற்கும் எனக்குத் தெரியாத இன்னோர் அர்த்தம் இல்லையே? "உங்க பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கு. பொம்பளைப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

அந்த மனிதர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கருகும் வாடை வந்த பிறகுதான் கீழே பார்த்தோம். மாமியின் கணவர் சட்டை. முதுகில் பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்திருந்தது. மாமி விழுந்து விழுந்து சிரித்தார். "மேல கோட்டைப் போட்டுண்டு போகட்டும், யாருக்குத் தெரியப்போறது?" வேகிற வெயிலில் பாவம் அந்த மாமா கோட்டுக்கு எங்கே போவார்? நானும் சிரித்தேன். ஒரு சேதியைச் சொல்லிவிட்டுச் சிரித்தேன், யாரும் சாகவில்லை.

பிறகு எல்லா வீட்டிலும் போன் வந்தது. மாமி பெங்களூருக்கு மகளிடம் போய்விட்டார். நான் படித்து வேலைக்குப் போனேன். அப்பாவின் கடையிலேயே புடவைப் பிரிவில் நின்று அம்மா என்னை ஆளாக்கினார். அத்தனை வருடமும் அந்த நாளைப் பற்றி நானும் அம்மாவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் கைதட்டிச் சிரித்தது அம்மாவின் மனதில் கிடக்கிறது, என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்ற பயம் மட்டும் எனக்குப் போகவே இல்லை. அதை மாமியாலும் போக்க முடியவில்லை.

போன மாதம் மாமியின் மகள் என் கைபேசிக்கு அழைத்தார். மாமி தூக்கத்திலேயே போய்விட்டாராம். "உங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்றார். அலுவலகத்தில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா தொலைக்காட்சி முன்னால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அருகில் உட்கார்ந்து, கையிலிருந்த கீரையை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னேன். இறந்துட்டாங்க என்றே சொன்னேன், வேறு சொல் எதையும் போடவில்லை. அம்மா அழுதார். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது, இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

"அம்மா, அன்னைக்கு நான் சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னேன்லா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். எந்த நாள் என்று கேட்கவில்லை.

"சிரிச்சியா? எனக்கு அதெல்லாம் நெனவில்லட்டி" என்றார். "ஊரே வீட்டுக்குள்ள நிக்கி, எம்புள்ளைக்கு யாராவது சோறு போட்டாகளான்னு நான் பாக்கல. இத்தன வருசமா எனக்கு அதுதான். கேக்க வாய் வரல. அன்னைக்கு நீ சாப்ட்டியாட்டி?"

"சாப்ட்டேம்மா" என்றேன். "மாமி ரசஞ்சாதம் ஊட்டிவிட்டாங்க."