தொண்ணூற்றாறு மாத்திரைகள்

2003 ஜனவரி 9, வியாழக்கிழமை, காலை பத்து இருபது. மூடுபனியில் எதிர் பிளாக்கின் இரண்டாம் மாடி தெரியவில்லை. ஜனக்புரி வீட்டில் தொலைபேசி மூன்றாவது மணி அடித்ததும் எடுத்தேன். என் மகளுக்குப் பிரசவம் ஆன நர்ஸிங்ஹோமிலிருந்து நர்ஸ் பேசினார். நாகர்கோவில்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"ஐயா, பிள்ளைக்குக் குதிங்கால்ல குத்தி ரத்தம் எடுத்தோம்லா, அந்த ரிசல்ட் வந்துட்டு. தைராய்டு சரியில்லன்னு காட்டுது. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

பேத்தி பிறந்து அன்று ஒன்பதாம் நாள். மூன்றாம் நாள் நான்கு சொட்டு ரத்தத்தை ஓர் அட்டையில் ஒற்றி அனுப்பியிருந்தார்கள். நன்றாயிருக்கும் குழந்தைக்கு எதற்குப் பரிசோதனை என்று அப்போது முணுமுணுத்தவன் நான்தான். குழந்தை அழுவதே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை சிணுங்கினால் அதிகம். எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சமத்துக் குழந்தை என்றார்கள். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று நரம்பில் எடுத்த ரத்தமும் அதையே சொன்னது. டாக்டரம்மா பஞ்சாபி. இந்தியில் நிதானமாக விளக்கினார். கழுத்திலுள்ள சுரப்பி வேலை செய்யவில்லை. அது சுரக்க வேண்டியதை மாத்திரையாகக் கொடுத்துவந்தால் குழந்தை எல்லாக் குழந்தைகளையும்போல் வளரும். கொடுக்காவிட்டால் மூளை வளர்ச்சி குன்றும். நமக்குத் தெரியவரும்போது சரிசெய்ய முடியாது. தினமும் காலையில் ஒரு மாத்திரை, பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்க வேண்டும்.

புட்டியில் நூறு மாத்திரை என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தட்டில் கொட்டி எண்ணினேன். நூறு இருந்தது.

ஜனவரி 11 காலை ஆரம்பித்தோம். எனக்குக் கை நடுங்கும் என்பதால் மருந்து கொடுப்பது என் மனைவி. அவள் கொடுத்தாள், நான் காலண்டரில் கோடு போட்டேன். குடித்த பால், நனைத்த துணி, அழுகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்தேன். பதினான்கு நாளாகியும் அழுகை இரண்டைத் தாண்டவில்லை.

24ஆம் தேதி மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மதியம் முடிவைப் பார்த்த டாக்டரம்மா, சுரப்பி வேலை செய்யாததால் ஏறியிருந்த எண் இறங்கவே இல்லை, அளவைக் கூட்ட வேண்டும் என்று சீட்டை இழுத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் என் மனைவியிடம் கேட்டார்.

"எப்படிம்மா குடுக்கிய?"

"உரைகல்லுலதான். தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டு, ரெண்டு சுத்து."

"ரெண்டு சுத்தா? மிச்சம்?"

"தொடச்சுப் புட்டியில போட்டுருவேன். வசம்பு, ஜாதிக்கா எல்லாம் அப்படித்தானே உரசறோம்? பச்சப்புள்ளைக்கு அதிகமாயிடக் கூடாதில்ல."

என் மகள், "அம்மா, அது வசம்பு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். நான் கைப்பையிலிருந்த புட்டியை வாங்கி டாக்டரம்மாவின் மேஜையிலேயே கொட்டினேன். எண்பத்தாறு இருக்க வேண்டும். தொண்ணூற்றாறு முழு மாத்திரைகளும், நொய்யரிசி அளவுக்குத் தேய்ந்த ஒரு துண்டும் இருந்தன.

"எல்லாத்தையும் எண்ணுற மனுஷன்," என்றாள் என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இத எண்ணலயே."

மகள் இந்தியில் சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் முகம் தெளிந்தது. மருந்து பலிக்காமல் போகவில்லை, குழந்தைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்றார். பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, இன்னும் காலம் இருக்கிறது என்றார். அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். நர்ஸ் இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் ஒரு முழு மாத்திரையை வைத்து மாவாக நசுக்கி, சில சொட்டுப் பாலில் கரைத்து, பாலாடையில் புகட்டிக் காட்டினார். பாலாடையின் அடியில் தங்கியதையும் இன்னும் சில சொட்டு விட்டு அலசிக் கொடுத்தார். என் மனைவி அங்கேயே ஒரு முறை செய்து காட்டிய பிறகுதான் எங்களை விட்டார்.

மறுநாளிலிருந்து கோடு போடும் முன் மாத்திரையை எண்ணினேன். ஆறாம் நாள் குழந்தை ஒன்பது முறை அழுதது. கீழ்வீட்டு சர்தார்ணி படியேறி வந்து, "க்யா ஹுவா பாயீசாப், இத்னா ரோ ரஹீ ஹை?" என்று குழந்தை இப்படி அழுவதற்குக் காரணம் கேட்டாள்.

"ரோனே தோ ஜி," என்றேன், அழட்டும் என்று. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 7 பரிசோதனையில் எண் நன்றாக இறங்கியிருந்தது. அதற்கடுத்த மாதம் சரியான அளவுக்கு வந்துவிட்டது. பேத்தி ஏழாம் மாதம் உட்கார்ந்தாள், பதின்மூன்றாம் மாதம் நடந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாத்திரையை அவளே முழுங்குகிறாள்.

எங்கள் தவறால் வீணான 24ஆம் தேதிப் பரிசோதனைக்கு இருநூற்றெண்பது, ஆட்டோவுக்குப் போக வர எழுபது. ஆக முந்நூற்றைம்பது ரூபாய்.