பச்சை மை பூசிய தட்டு

எங்கள் அலுவலகத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட ஒரே ஒருவருக்குத்தான் உரிமை உண்டு. அவர் அதிகாரி. நாங்களெல்லாம் நீலம், மிஞ்சினால் கறுப்பு. அம்பாசமுத்திரத்தில் பதினோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பச்சை மைப் பேனாவைத் தொட்டால்கூடக் கை சுடும் என்று நினைத்தவன். அப்படிப்பட்ட நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்து, ஒரு சிடியின் விளிம்பு முழுக்கப் பச்சை பூசினேன்.

காரணம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஆசை ஆசையாய் ஒரு சிடி பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கியிருந்தேன். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம் இருந்ததால் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கேட்பேன். ஒரு வயலின் கச்சேரித் தட்டு. இடது பக்கம் வயலின், வலது பக்கம் மிருதங்கம். அந்தத் தட்டைக் கேட்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது. ஒரு வருஷமாக அந்த மிருதங்கம் மங்கிக்கொண்டே வந்தது. பிளேயரைத் திட்டினேன், ஒயரை மாற்றினேன், விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி மட்டும், "பெட்டி நல்லாத்தான் இருக்கு. காதக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம். கேலி செய்கிறாள் என்று நினைத்து இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டில் இருந்த என் சிநேகிதன் ஒரு பத்திரிகைத் துண்டை அனுப்பினான். தட்டைப் படிக்கிற ஒளி விளிம்பு வழியாகச் சிதறி வீணாகிறதாம். விளிம்பில் பச்சை பூசினால் அந்தச் சிதறலை அது விழுங்கிவிடுமாம். சங்கீதம் சுத்தமாகுமாம். வெளிநாட்டில் இதற்கென்றே பேனா விற்கிறார்களாம். எனக்குப் பச்சை என்றதும் அதிகாரியின் மைக்கூடுதான் ஞாபகம் வந்தது. பியூனிடம் கெஞ்சி ஒரு சின்ன சீசாவில் வாங்கி வந்து பூசினேன். பிளாஸ்டிக்கில் மை எங்கே ஒட்டும்? விரலெல்லாம் பச்சையானதுதான் மிச்சம். பிறகு ஜங்ஷனில் ஒரு மார்க்கர் பேனா வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி வரைந்தேன்.

கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வலது பக்கம் திறந்துகொண்ட மாதிரிதான் இருந்தது. மறுநாள் அலுவலகத்தில் பெருமை தாங்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் என் விரலைப் பார்த்துவிட்டு, "என்ன வே, தட்டுக்குச் சான்றொப்பம் வாங்கியாச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரிடமும் அதே கச்சேரித் தட்டு இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு நிரூபிக்கிறேன் என்று சவால் விட்டு, அதை இரவல் வாங்கி வந்தேன்.

என் மனைவி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பார்த்துக்கொண்டே கேட்டால் கணக்கில் சேராது என்றாள். என் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். பத்துத் தடவை போடுவாளாம். ஒவ்வொரு தடவையும் பச்சையா, வெறும் தட்டா என்று நான் சொல்ல வேண்டுமாம். காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள்.

நான் தயங்கவே இல்லை. "பச்ச." "வெறும் தட்டு." "இது பச்சதான், மிருதங்கத்தக் கேட்டாலே தெரியுதே." ஒன்பது முடிந்தது. பத்தாவதாகப் போட்டாள். தொடங்கியதுமே பாட்டு நின்றுவிட்டது.

"கரண்ட் போயிட்டா?" என்று கேட்டேன்.

துண்டை அவிழ்த்தேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிளேயரில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஆம்ப்ளிஃபயரின் குமிழ் ஒன்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலியை இடது பக்கமும் வலது பக்கமும் பங்கு வைக்கிற குமிழ் அது. அதை முழுக்க வலது பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

ஹெட்போனைக் கழற்றி வலது பக்கத்தை என் இடது காதில் வைத்தாள். மிருதங்கம் பொரிந்துகொண்டிருந்தது.

"ஏமாத்துதியா?" என்றேன்.

"பத்துத் தடவையும் வெறும் தட்டுதான் போட்டேன்" என்றாள். "நாலாவது தடவ சத்தத்தப் பூராவும் இடது பக்கம் திருப்பிட்டேன், மிருதங்கமே கெடையாது. நீங்க தலையாட்டிக்கிட்டே பச்சங்கீங்க. அதான் கடைசியா வலது பக்கம் திருப்பிப் பாத்தேன். ஒரு வருசமா நான் ஒங்களுக்கு இடது பக்கமாத்தான் உக்காருதேன், நடக்கேன். அதயாவது கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. அலுவலகத்தில் போனை எப்போது இடது காதுக்கு மாற்றினேன் என்பதும் எனக்குத் தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஆம்ப்ளிஃபயரைக் கோணல் என்றேன், ஒயரைக் கோணல் என்றேன், கடைசியில் தட்டுக்குப் பச்சையும் பூசினேன்.

மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துப்போனாள். சின்ன வயதிலிருந்து பாபநாசத்தில் ஆற்றில் குதித்துக் குதித்து, காதில் சீழ் வந்தபோதெல்லாம் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டு அடக்கியவன் நான். செவிப்பறையில் ஓட்டை, சீழ் உள்ளே எலும்பை அரிக்கத் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மூளைக்கு ஏறியிருக்கும் என்றார். காதுக்குப் பின்னாலிருந்து சவ்வு எடுத்து ஒட்டினார்கள். முக்கால்வாசி திரும்பும், முழுசுக்கும் உத்தரவாதம் இல்லை என்றார்கள். கட்டோடு கிடந்த நாட்களில் எனக்கு ஊட்டியது, துடைத்தது, என் கோபத்தைப் பொறுத்தது எல்லாம் அவள்தான்.

பச்சை பூசினால் சத்தம் கூடுமா என்று பக்கத்து மேஜைக்காரர் அப்புறமும் கேட்பார். தட்டுக்குக் கூடாது வே என்பேன். ஆனாலும் அந்த மார்க்கர் பேனாவைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. மை காய்ந்த பிறகும் மேஜையிலேயே வைத்திருந்தேன்.

கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்து, வேண்டுதல் என்று திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினோம். வழக்கமாக நான் ஜன்னலோரம் உட்கார, அவள் என் இடது பக்கம் உட்காருவாள். அன்றைக்கு என்னைத் தாண்டிப் போய் ஜன்னலோரத்தில், என் வலது பக்கம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பிப் பெருஞ்சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே, மெதுவாகக் கேட்டாள்.

"டிக்கெட் எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்" என்றேன்.

அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். திருச்செந்தூர் வரும்வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.