தூக்கக் கற்றுக்கொடுத்தவர்

தம்பி இறந்த பிறகு வந்த தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் இயேசு சிலுவையில் பட்ட பாடுகளின் நாடகம் போட்டார்கள். அவன் பல்லடம் ரோட்டில் லாரி மோதி இறந்துபோயிருந்தான். எனக்கு அழுகை வரவில்லை. மில் ஆபீசில் வழக்கம்போல டைப் அடித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். பங்குச் சாமியார் என்னை மாதா வேடத்துக்குச் சேர்த்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது என்னிடம் இல்லை.

நடிப்புச் சொல்லித்தர ஒரு அக்கா பொள்ளாச்சியிலிருந்து சனிக்கிழமைகளில் வருவார். வெளியூரில் நாடகம் படித்தவர், என்னைவிடச் சற்றே மூத்தவர். பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் மாறி வந்ததும் முகம் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மறுதலிக்கும் பேதுருவாக நடித்த ஆட்டோக்காரரிடம், "உங்களுக்கு நெசமாலுமே வெக்கமாப் போன ஒரு நாள நெனச்சுக்கோங்க" என்றார். அவர் கண்ணை மூடித் திறந்தபோது முகம் வேறாக இருந்தது. என்னிடம் தம்பியை நினைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். நினைத்தாலும் ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும்.

சிலுவையிலிருந்து இறக்கிய உடலை மாதா மடியில் வாங்க வேண்டும். இயேசுவாக நடித்தவர் மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டுபவர், நல்ல கனமான ஆள். அக்கா அவரைத் தரையில் படுக்கவைத்துக் கையைத் தூக்கி விட்டார். கை மெதுவாக இறங்கியது.

"நீங்க இன்னும் புடிச்சிட்டிருக்கீங்க. உட்டுப்போடுங்க."

கை பொத்தென்று விழும்வரை அக்கா அவரை விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தூக்குங்க அம்மணி."

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு குனிந்தேன்.

"மூஞ்சியப் பாக்காதீங்க. கனமான ஒடம்பத் தூக்கறவங்க எங்க புடிக்கறதுன்னுதான் பாப்பாங்க. அக்குளுக்கடியில கையக் குடுங்க. தலை சாயும், தோள்ல வாங்கிக்கோங்க."

"அழ வேண்டாங்களா?"

"வேண்டாங்க. தூக்குனாப் போதும்."

அந்த மனிதரின் சட்டையில் கிரீஸ் வாசம் அடித்தது. வாரக்கணக்கில் அவரைத் தூக்கினேன். இடுப்பு வலித்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நானே கேட்டேன். "ஏனுங்க அக்கா, எங்கிட்ட மட்டும் எதையும் நெனைக்கச் சொல்லலீங்களே?"

"தம்பி விஷயம் சாமியார் சொன்னாருங்க. அது உங்களுதுங்க. அத எதுக்குங்க நாடகத்துக்குக் குடுக்கறது?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிப் போனார்.

குருத்து ஞாயிறு சாயங்காலம் நாடகம் நடந்தது. முன்வரிசைப் பெண்கள் தேம்பும் சத்தம் மேடைக்குக் கேட்டது. நான் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து, சாய்ந்த தலையைத் தோளில் வாங்கினேன். அவ்வளவுதான் செய்தேன்.

நாடகம் முடிந்து அம்மாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அம்மா சொன்னாள்: "ஆஸ்பத்திரியிலயும் நீ இப்படித்தான் இருந்தே கண்ணு. அவன் செருப்புல ஒண்ணக் காணோம்னு தேடிட்டே இருந்தே. உனக்கு வருத்தமே இல்லையோன்னு நெனச்சுப்போட்டேன்."

அம்மா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டோம். அவன் போன பிறகு நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான்.

அடுத்த வருஷம் அக்கா வரவில்லை. மதுரைப் பக்கம் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். சாமியார் என்னையே சொல்லித்தரச் சொன்னார். மாதாவாக ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். எதை நினைத்துக்கொண்டு அழுவது என்று கேட்டார். லேத் ஓட்டுபவரைப் படுக்கச் சொல்லி, எங்கே பிடிப்பது என்று காட்டினேன். டீச்சர் தூக்கும்போதே பொலபொலவென்று அழுதுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்படி அழுகலாங்களா?"

"வந்தா அழுவுங்க" என்றேன். "கைய மட்டும் உட்டுறாதீங்க."